கடலுக்குப் பங்கில்லாத நீர்க்கணக்கு

மேட்டூர் அணை நிரம்பி வழியும் ஆண்டுகளில் நம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் தலைப்பு ஒன்று உண்டு. கொள்ளிடம் வழியாக இத்தனை டி.எம்.சி. தண்ணீர் 'வீணாகக் கடலில் கலந்தது' என்பதே அது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களின்போதும் இத்தலைப்பைக் கண்டோம். ஆளுங்கட்சியை எதிர்க்கட்சி சாடுவதற்கும், ஆட்சி மாறிய பின் அதே சொற்களை வாங்கிக்கொண்டு மற்றவர் இவரைச் சாடுவதற்கும் இத்தொடர் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. இடதுசாரிகள், வலதுசாரிகள், திராவிட இயக்கத்தார், தேசியவாதிகள் ஆகிய அனைவரும் ஒரே குரலில் ஒப்பிக்கும் தொடர்கள் தமிழில் மிகச் சில. அவற்றுள் இது முதன்மையானது. கவியரங்கக் கவிஞருக்கோ இது கைதட்டலுக்கு உறுதியளிக்கும் வரி.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றைச் சற்று ஐயத்துடன் புரட்டிப் பார்ப்பது இலக்கியம் பயில்வோரின் கடமை என்று நாம் கருதுகிறோம். அவ்வாறு பார்க்கையில், ஆற்று நீர் கடலைச் சேர்வது வீண் என்னும் கருத்து அடிப்படையிலேயே பிழையானது என்பது தெரியவருகிறது. புவி வெப்பமடைந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் அப்பிழை வெறும் அறியாமையாக நின்றுவிடாமல் அணையாகவும் கால்வாயாகவும் உருவெடுத்து, மழையின் மீதே கை வைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தமிழ் மேடைகளில் இன்னொரு முழக்கமும் உண்டு. நீர்ச்சுழற்சியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவன் தமிழன் என்பது அது. பட்டினப்பாலையும் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரமும் இதற்குச் சான்றுகளாகக் காட்டப்படும். சான்றுகள் மெய்யானவையே. ஆனால் அவற்றைக் காட்டுகிறவர்கள் அவற்றைப் படித்திருக்கிறார்களா என்பதே நம் ஐயம்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தை வருணிக்கிறார். கடலிலிருந்து கரைக்கு இறங்கும் பண்டங்களும், கரையிலிருந்து கடலுக்கு ஏறும் பண்டங்களும் அளவின்றிக் குவிந்து கிடக்கின்றன. இந்த ஏற்றுமதி இறக்குமதிக்கு அவர் காட்டும் உவமை, மேகம் முகந்த நீர் மலையில் பொழிவதும், மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலில் பரவுவதும் ஆகும். உவமையின் உயிர் அதன் இருவழித்தன்மையில் இருக்கிறது. சுங்கத்தார் இரண்டு பக்கப் பண்டங்களுக்கும் புலிச் சின்னம் பொறித்து அனுப்புகிறார்கள். கரையேறுவது வரவு, கடலுக்குப் போவது வீண் என்று அப்புலவர் எண்ணியிருந்தால் அந்த உவமையே பிறந்திருக்காது. ஏற்றுமதியை நட்டம் என்று கருதும் துறைமுகம் எங்கேனும் உண்டா?

வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடலிடமிருந்து கொண்டதை மேகம் திரும்பத் தராவிட்டால் பெருங்கடலும் தன் இயல்பில் குறைபடும் என்பது அதன் கருத்து. இதற்கு உரை காணும் பரிமேலழகர், கடல் தன் இயல்பில் குறைவதாவது நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும் மணி முதலானவை விளையாமையும் என்று விளக்குகிறார். நிலத்துக்கு மழை வேண்டும் என்பதை எவரும் சொல்லிவிடலாம். எல்லையற்றுக் கிடக்கும் கடலுக்கும் நன்னீர் வேண்டும், அது கிடைக்காவிடில் கடலின் உயிர்வளம் குன்றும் என்று சொல்வதற்குத் தனிப் பார்வை வேண்டும். இப்புலவர்கள் கடலியல் அறிஞர்கள் என்று நாம் வாதிடவில்லை. அத்தகைய வீண்பெருமைகளில் நமக்கு நம்பிக்கையும் இல்லை. கொடுப்பதையும் கொள்வதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்னும் எளிய நேர்மை அவர்களிடம் இருந்தது என்பதை மட்டுமே சுட்டுகிறோம். இந்தக் குறளை மேடையில் முழங்கிய அதே நாவு, அரை மணி நேரம் கழித்து, காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறதே என்று கண்ணீர் வடிக்கிறது. அவையில் எவரும் சிரிப்பதில்லை.

*

இனி அறிவியலின் கணக்குக்கு வருவோம். புவியின் மொத்த நீரில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடலில் இருக்கிறது. ஆண்டுதோறும் கடற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் 4 லட்சம் கன கிலோமீட்டருக்கும் அதிகம். இதில் பத்தில் ஒன்பது பங்கு கடலின் மீதே மழையாக விழுந்துவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்கை, அதாவது சுமார் 40,000 கன கிலோமீட்டர் நீரை, காற்று நிலத்துக்குச் சுமந்து வருகிறது. ஏறக்குறைய அதே அளவு நீர் ஆறுகள் வழியாகவும் நிலத்தடி வழியாகவும் கடலுக்குத் திரும்புகிறது. நம் நாகரிகங்கள், வேளாண்மை, திருவிழாக்கள், ஆற்றுநீர் வழக்குகள் யாவும் இந்தப் பத்தில் ஒரு பங்கின் மீது நடப்பவை. நிலம் கடலிடம் பெற்ற கைமாற்று இது. கைமாற்றைத் திருப்பித் தருவதை வீண்செலவு என்று எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளையை எந்தக் கடையிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இச்சுழற்சி என்றும் ஒரே சீராக இயங்கும் எந்திரம் அன்று. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரியைச் சற்றே தாண்டியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நாம் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் புவியில் சேர்ந்த மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. கடல் இதைச் செய்யாதிருந்தால் நிலத்தின் மீது இன்று மனிதர் வாழ இயலாது. நம் கொதிப்பையெல்லாம் தன்னுள் வாங்கிக்கொண்டு நம்மைக் காத்துவரும் ஒன்றுக்குத்தான் நாம் ஒரு குடம் தண்ணீரைக் கணக்குப் பார்க்கிறோம்.

வெப்பமடைந்த கடல் மழையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கான சாட்சி கடலின் உப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மழையை அளக்க நிலத்தில் மழைமானிகள் உண்டு. பெரும்பாலான மழை பெய்யும் கடலின் நடுவில் எதை வைத்து அளப்பது? உப்பை வைத்து அளக்கலாம். மழை மிகுந்த கடற்பகுதியில் உப்பு குறையும். ஆவியாதல் மிகுந்த பகுதியில் உப்பு ஏறும். பால் டுராக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 1950 முதல் 2000 வரையிலான ஐம்பதாண்டுகளில் உப்பு மிகுந்த கடல்கள் மேலும் உப்பேறியதையும், உப்பு குறைந்த கடல்கள் மேலும் நன்னீர்த்தன்மை அடைந்ததையும் காட்டியது. நீர்ச்சுழற்சி அக்காலத்தில் சுமார் 4 விழுக்காடு தீவிரமடைந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையும் இந்த உப்பு வேறுபாடு கூடியிருப்பதை உறுதிப்படுத்துகிறது. எளிய தமிழில் சொன்னால், உள்ளவனுக்கே மேலும் அள்ளிக் கொடுக்கிறது மழை.

நிலத்தில் இதன் பொருள் நமக்குத் தெரிந்ததே. சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியது. 2019 கோடையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையே நீரில் நின்றது. தனியொரு மழைக்குத் தனியொரு காரணம் கூற இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் வெப்பமான கடலின் மீது கருக்கொள்ளும் மேகம் முன்னைவிட அதிக நீரைச் சுமக்கிறது என்பதும், பெய்யும்போது கொட்டித் தீர்த்துவிட்டு நெடுநாள் வராமற்போகிறது என்பதும் இயற்பியலின்படி எதிர்பார்க்கத் தக்கவையே.

*

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். மழை இப்படி ஒரேயடியாகக் கொட்டுமானால், ஒரு சொட்டும் கடலுக்குப் போகாமல் பிடித்து வைப்பதுதானே அறிவுடைமை? காலநிலை மாற்றம் எங்கள் பக்கத்து வாதமல்லவா?

கேள்வி நியாயமானது போலத் தோன்றுகிறது. மறுமொழி வங்காள விரிகுடாவில் கிடக்கிறது. நம் கரையைத் தொடும் இக்கடல், பரப்பில் உலகக் கடல்களின் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாதது. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என ஆசியாவின் பேராறுகள் பல வந்து விழுவது இங்கேதான். ஆற்று நீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆகவே அது கடலின் மேல் ஒரு மெல்லிய போர்வையைப் போலப் படர்ந்து மிதக்கிறது. அப்போர்வையைக் கிழித்து அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருவது காற்றுக்கு எளிதாக இல்லை. எனவே கதிரவனின் வெப்பம் மேலடுக்கிலேயே தங்கி, கடற்பரப்பு பருவமழைக் காலம் முழுதும் 28 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கிறது. பெரும் மழைமேகங்கள் எழுவதற்கு ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் தேவை. மறுபுறம் அரபிக்கடலில் பேராறுகள் குறைவு. ஆவியாதல் மழையை விஞ்சுகிறது. ஜூன் மாதத்துக்குப் பின் பலத்த காற்று அதைக் கலக்கிக் குளிர்வித்துவிடுகிறது. இரு கடல்களுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஷெனாய், சங்கர், ஷெட்டியே ஆகிய மூவர் 2002ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளனர்.

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். மழை ஆறாகிறது, ஆறு கடலின் மேல் போர்வையாகிறது, போர்வை வெப்பத்தைக் காக்கிறது, வெப்பம் மேகத்தை எழுப்புகிறது, மேகம் மீண்டும் மழையாகிறது. 'வீணாகக் கலந்த' நீர் அடுத்த மழைக்கான ஏற்பாடுகளில் ஒன்றாகக் கடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இப்போர்வை நன்மை மட்டுமே செய்வதாகச் சொல்லி எவரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. அதே போர்வை புயல்களுக்கும் தீனி போடுகிறது. அடியிலுள்ள குளிர்நீர் மேலே வராததால், கடந்து செல்லும் புயல் வலுக்குன்றாமல் வளர்கிறது. ஆற்று நீரைக் குறைத்தால் மழை எவ்வளவு மாறும் என்பதிலும் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. காவிரி ஒன்றின் பங்கு கங்கையின் முன் மிகச் சிறிது என்பதும் உண்மையே. ஆனால் ஒவ்வோர் ஆற்றுக்காரரும் தம் ஆறு சிறிது என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தால் இறுதியில் எந்த ஆறு மிஞ்சும்? இவ்வளவு நுட்பமான ஓர் ஏற்பாட்டில் கை வைக்கும் முன் ஆயிரம் முறை தயங்க வேண்டும் என்பதே நாம் கூறுவது. 'வீண்' என்னும் சொல் அந்தத் தயக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

தயக்கமின்மை இன்று திட்டமாகியிருக்கிறது. கங்கையைக் காவிரியுடன் இணைக்கும் யோசனையை கே.எல். ராவ் 1972இல் முன்வைத்தார். 1980இல் தேசிய அளவிலான திட்ட வரைவு உருவாயிற்று. 2024 டிசம்பரில் கென் - பெட்வா இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, காவிரி இணைப்பு அடுத்த கனவு. இக்கனவுகள் அனைத்துக்கும் அடித்தளம் 'உபரி நீர்' என்னும் ஒரு சொல்லே. கடலைச் சேரும் நீரெல்லாம் உபரி என்று கொண்டால்தான் அக்கணக்கு நிற்கும். 2023இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை வேறொரு பக்கத்திலிருந்து இதே எச்சரிக்கையைத் தருகிறது. இணைப்புகளால் பாசனம் பெருகினால் நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான ஈரப்பதப் பரிமாற்றம் மாறும். அதனால் ஏற்கெனவே நீர்ப்பற்றாக்குறையுள்ள பகுதிகளில் செப்டம்பர் மாத மழை 12 விழுக்காடு வரை குறையக்கூடும் என்பது அவர்களின் கணிப்பு. தாகமுள்ளவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவதாகப் புறப்பட்டு அவன் தலைக்குமேல் வரவேண்டிய மேகத்தைக் கலைத்துவிடும் விந்தை இது.

*

கடலுக்கு நீர் மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை ஊகிக்கவேண்டிய தேவையே இல்லை. நைல் ஆற்றில் அசுவான் உயரணை 1964 முதல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்த வண்டலும் சத்தும் கழிமுகத்துக் கடலில் மீன்வளத்தைப் பெருக்கின. 1962இல் எகிப்தின் மத்தியதரைக் கடலோரத்தில் பிடிபட்ட மத்தி மீன் சுமார் 18,000 டன். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது சில நூறு டன்னாகச் சுருங்கியது. பல ஆண்டுகள் கழித்து மீன்வளம் ஓரளவு மீண்டது. வயல்களின் உரமும் நகரங்களின் கழிவும் கடலில் கலந்ததே அதற்குப் பெருங்காரணம் என்கிறார்கள். வெள்ளத்தின் இடத்தைச் சாக்கடை நிரப்பியது. நீர்வாழ் உயிர்கள் பிறவாமை என்று பரிமேலழகர் எழுதியதை வாசித்துவிட்டு இச்செய்தியைப் படிப்பவர் சற்றே திடுக்கிடாமல் இருக்க முடியாது.

சிந்து நதியின் கதை இன்னும் துயரமானது. 1955இல் கோட்ரி தடுப்பணை கட்டப்பட்ட பின்பும், மேலே அணைகள் பெருகிய பின்பும், கழிமுகத்துக்கு வரும் நீர் அடியோடு வற்றியது. பாகிஸ்தானின் தட்டா, பதீன் மாவட்டங்களில் கடல்நீர் உள்ளேறி வயல்கள் உப்பளங்களாயின. அலையாத்திக் காடுகள் மெலிந்தன. மீனவரும் உழவரும் ஊரைவிட்டுக் கராச்சியை நோக்கிச் சென்றனர். அங்கும் மேட்டுநிலத்து அரசியலாளர் சொன்னது, நீர் வீணாகக் கடலுக்குப் போகிறது என்பதே. மொழி வேறு, மதம் வேறு, கொடி வேறு, தொடர் ஒன்று.

காலநிலை மாற்றம் இத்துயரத்தை இரட்டிப்பாக்குகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயரும் வேகமும் கூடிவருகிறது. கழிமுக நிலம் ஆறு கொண்டுவரும் வண்டலால் ஆனது. ஆண்டுதோறும் புது வண்டல் படிந்தால்தான் அது தன் உயரத்தைக் காத்துக்கொள்ளும். வண்டலை அணைகள் விழுங்கிவிட்டன. மணலை லாரிகள் அள்ளிச் சென்றுவிட்டன. ஒரு பக்கம் கடல் ஏறுகிறது. மறுபக்கம் நிலம் தாழ்கிறது. கிருஷ்ணா, கோதாவரி, சிந்து, நைல் ஆகியவற்றின் கழிமுகங்கள் இவ்வாறு தாழ்ந்துவருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஏறிவரும் உப்பை எதிர்த்துத் தள்ளக்கூடிய ஒரே காவலர் ஆற்றின் நன்னீர். அந்தக் காவலரைத்தான் நாம் 'வீண்' என்று பெயரிட்டு மேலே நிறுத்திவைக்கிறோம்.

*

இவ்விடத்தில் உழவரின் பெயரால் ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவோம். கடலுக்கு நீர் விடச் சொல்பவர் உழவனின் வயிற்றில் அடிக்கிறார் என்பார்கள். எந்த உழவனின் வயிற்றில் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். ஆறு கடலை எட்டாவிட்டால் முதலில் உப்புநீரைக் குடிப்பது கடைமடை உழவரின் கிணறு. வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டது. முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வேளையில் கடைமடை வாய்க்கால்கள் பல வறண்டு கிடந்தன. கடல் அந்த நீரைத் திருடவில்லை. தூர்வாராத வாய்க்காலும், மணல் அள்ளப்பட்டுப் பள்ளமான ஆறும், ஆக்கிரமிக்கப்பட்ட ஏரியும் வயலுக்கு நீரை மறுத்தன. குற்றவாளிகளின் பெயரைச் சொல்லும் துணிவில்லாதபோது கடலின் மீது பழிபோடுவது வசதியாக இருக்கிறது. கடல் மானநட்ட வழக்குத் தொடுப்பதில்லை.

ஏரி, குளம், கண்மாய்களில் நீரைத் தேக்குவதை நாம் எதிர்ப்பதாக எவரும் திரிக்க வேண்டாம். அவை மழைநீரைத் தடுத்து நிறுத்தி, மண்ணில் இறக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியவிட்டு, இறுதியில் ஆற்றிலும் கடலிலும் சேர்ப்பவை. கலிங்கு என்னும் உறுப்பே மிகுந்த நீர் போகட்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. பேரணையும் ஆற்று இணைப்பும் வேறு மனப்பான்மையின் குழந்தைகள். முன்னது நீரின் பயணத்தை மெதுவாக்குவது. பின்னது பயணத்தையே குற்றமாகக் கருதுவது.

இன்னொரு ஆட்சேபம் அரசியல் சார்ந்தது. கடலுக்குப் பங்கு உண்டு என்று நாமே பேசினால் காவிரியில் நம் உரிமை தளர்ந்துவிடாதா என்பார்கள். உண்மை நேர்மாறானது. மேக்கேதாட்டு அணைக்குக் கர்நாடகம் முன்வைக்கும் முதன்மை வாதம் எது? வீணாகக் கடலுக்குப் போகும் நீரைத்தானே தேக்கப்போகிறோம் என்பதே. நம் தலைப்புச் செய்திகளே அவர்களுக்கான ஆவணங்கள். கடலுக்குச் சேரும் நீர் வீண் என்று நாமே ஆண்டுதோறும் அறிவித்துவிட்டு, அதை மேலே தேக்கக் கூடாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்ட அத்தீர்ப்பு, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிச் செல்லும் நீர் என்று 4 டி.எம்.சி.யைக் குறித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்குகளை மாற்றியபோதும் இவ்விரு எண்களைத் தொடவில்லை. நான்கு தரப்பாருக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கடலுக்கு எவரும் இல்லை. 740இல் 4 என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதுவும் பங்கு என்ற பெயரில் தரப்படவில்லை. சிறையிலிருந்து தப்பியோடிய கைதியைக் குறிப்பது போலக் குறிக்கப்பட்டிருக்கிறது. மழையின் தாயகத்துக்கு நம் சட்டமொழி தந்திருக்கும் மரியாதை இவ்வளவே.

சென்னைக்காரர்களின் நிலை வேறு வகை நகைச்சுவை. ஓட்டம் குன்றிய ஆற்றால் தன் முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருக்க இயலாது. அலை கொண்டுவரும் மணல் அதை மூடிவிடும். கூவமும் அடையாறும் கடலைச் சேரும் இடங்களில் மணல்மேடுகளை எந்திரம் கொண்டு அகற்றுவது வாடிக்கையாகிவிட்டது. பெருமழை வந்தால், வெள்ளம் கடலுக்கு வடியவில்லையே என்று நகரம் கதறுகிறது. கோடை வந்தால், நீரெல்லாம் கடலுக்குப் போய்விட்டதே என்று அதே நகரம் அங்கலாய்க்கிறது. பின்பு கடலிடமே சென்று கையேந்துகிறது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் சேர்ந்தது. ஆயிரம் லிட்டர் கடல்நீரை இவ்வகையில் நன்னீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. கதிரவன் இலவசமாகச் செய்து தந்துகொண்டிருந்த வேலையை, நிலக்கரியை எரித்து நாமே செய்கிறோம். அந்தப் புகை கடலை மேலும் வெப்பமாக்குகிறது.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை சொல்லில் இருக்கிறது. ஒரு சமூகம் எதை வீண் என்கிறதோ அதை அழிக்கத் தயங்காது. சதுப்புநிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதினார்கள். பள்ளிக்கரணையின் பெரும்பகுதி போயிற்று. இப்போது ஆற்றின் கடைசிப் பயணத்தை வீண் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிப்பாடத்தின் நீர்ச்சுழற்சிப் படத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கடல், மேகம், மலை, ஆறு, நான்கு அம்புக்குறிகள். அதில் ஒரு மனிதரும் இருப்பதில்லை. ஓர் அணையும், ஒரு புகைபோக்கியும் இருப்பதில்லை. பல நாடுகளிலிருந்து திரட்டிய 400க்கும் மேற்பட்ட இத்தகைய படங்களை ஆராய்ந்து 2019இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை, அவற்றுள் 85 விழுக்காட்டுப் படங்களில் மனிதச் செயல்பாடே காட்டப்படவில்லை என்று கண்டது. காலநிலை மாற்றத்தையோ நீர் மாசுபாட்டையோ காட்டியவை 2 விழுக்காடு மட்டுமே. நாம் இல்லாத ஒரு படத்தைக் காட்டி நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அவர்கள் வளர்ந்து, வெள்ளம் வந்தால் 'இயற்கைச் சீற்றம்' என்றும், வெள்ளம் வடிந்தால் 'வீண்' என்றும் எழுதுகிறார்கள். முதற்சொல் நம் பொறுப்பை இயற்கையின் தலையில் ஏற்றுகிறது. இரண்டாவது சொல் இயற்கையின் பங்கை நம் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

ஆகவே நாம் கேட்பது மிகச் சிறியது. பத்திரிகையில் பணியாற்றும் நண்பர்கள் இவ்வாண்டு மேட்டூர் நிரம்பினால், நீர் 'கடலைச் சேர்ந்தது' என்று எழுதட்டும். கடைமடைக்கு ஏன் நீர் போகவில்லை என்பதைத் தனிச் செய்தியாக, பொறுப்பாளர்களின் பெயருடன் எழுதட்டும். தமிழாசிரியர்கள் பட்டினப்பாலையை நடத்தும்போது தமிழனின் அறிவியல் அறிவு என்று குறிப்பெழுதச் சொல்வதை விடுத்து, அந்த உவமையில் கடலுக்குப் போகும் பக்கத்தையும் வாசித்துக் காட்டட்டும். கவியரங்கக் கவிஞர்கள் ஒரு கைதட்டலைத் தியாகம் செய்யட்டும்.

இவற்றால் கடல் குளிர்ந்துவிடாது. நிலக்கரியை விடும் வரை அது குளிராது. ஆனால் 'உபரி' என்றும் 'வீண்' என்றும் பெயர் சூட்டிக்கொண்டு அடுத்த அணைக்கும் அடுத்த இணைப்புக்கும் வரைபடம் விரிக்கப்படும்போது, அது யாருடைய நீர், எங்கே போய்க்கொண்டிருந்தது, அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பதற்கு நான்கு பேராவது இருப்பார்கள். கேட்பவர்கள் இல்லாததால்தான் கடலுக்கு 4 டி.எம்.சி.